துரை பங்களாவுக்குப் புதுப் பெயிண்ட்

கேட்டுக்குள் கார் நுழையும் சத்தம் கேட்டதும் அருணாதேவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வருகிறவளுக்குப் பிடித்துவிட்டால் வீடு பிழைக்கும். பிடிக்காவிட்டால் ஜேசிபி.

தம்பி வல்லரசு போட்ட கண்டிஷன் அது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, மலையைப் பார்த்து நிற்கும் அந்தத் துரை பங்களா அக்கா, தம்பி இருவருக்கும் பொது. வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் கட்டி, சீமைக்குத் திரும்பும்போது கொள்ளுத்தாத்தாவிடம் விற்றுவிட்டுப் போனது. அக்கம்பக்கமெல்லாம் லாட்ஜாகவும் கஃபேயாகவும் மாறிவிட்ட பிறகு, வல்லரசுவுக்கும் இடித்துக் கட்டும் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. அருணாதேவிதான் மல்லுக்கு நின்றாள். பழைய பங்களாக்களைக் குத்தகைக்கு எடுத்து விடுதியாக நடத்தும் சென்னைக் கம்பெனி ஒன்றைத் தேடிப் பிடித்து, போனில் படம் எடுத்து அனுப்பினாள்.

"சரிக்கா. அவங்க எடுத்துக்கிட்டா வீடு நிக்கட்டும். வேணாம்னுட்டா நீ குறுக்க வரக் கூடாது."

"வரமாட்டேன்டா."

கம்பெனியின் ஆர்க்கிடெக்ட் கவிநிலா போனில் துள்ளினாள். "படம் பார்த்ததிலேர்ந்து தூக்கமே வரலைங்க! நேர்ல வந்து பார்த்துட்டு முடிவு பண்ணிடலாம். எங்களுக்காக ஒண்ணும் செய்யாதீங்க. வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

ஒன்றும் செய்யாதீர்களாமே! பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். அதை நம்பி வெறும் தண்ணீரை நீட்டுகிற வீடு இந்த ஜில்லாவில் உண்டா?

அன்றைக்கே வல்லரசுவிடம் ஆள் கேட்டாள். அவன் பெயிண்டர் வேடியப்பனை ஒரு கும்பலோடு அனுப்பி வைத்தான்.

ஹாலில் நின்ற உருண்டைத் தூண்களைத் தடவிப் பார்த்து வேடியப்பன் தலையைச் சொறிந்தான். "இன்னாம்மா இது, இவ்ளோ வழவழன்னு கீது? இது மேல பட்டி, பெயிண்ட் ஒண்ணும் ஒட்டாது. மிஷின் போட்டு இழைச்சாத்தான் பிடிக்கும்."

"இழைச்சுடுப்பா. மஞ்சளடிச்சுப் போயி, முடி முடியா வெடிப்பு வேற. வர்றவங்க இன்னா நினைப்பாங்க?"

மிஷின் அலறியது. ஹால் முழுக்க வெள்ளைப் புழுதி. தூணுக்கு யானைத்தந்த நிறம், தேக்குக் கதவுகளுக்குச் சாக்லேட் எனாமல். கதவுக்கு மேலே வளைவில் இருந்த கலர்க் கண்ணாடிகளில் ஒன்று விரிசல். ஒன்றுக்காக அத்தனையையும் கழற்றிவிட்டுப் புதுக் கண்ணாடி. அருணாதேவியே டீ போட்டுக் கொடுத்து, அசந்தவனை அதட்டி வேலை வாங்கினாள். முடிந்தபோது பங்களா கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது.

இப்போது அந்த ஹாலின் நடுவில் கவிநிலா நின்றுகொண்டிருந்தாள். போனைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"ஏங்க... நீங்க அனுப்பின படம் இந்த ஹால்தானே?"

"இதேதாம்மா! அடையாளமே தெரியலையா?" அருணாதேவிக்குப் பெருமை தாங்கவில்லை.

கவிநிலா சிரிக்கவில்லை. "இந்தத் தூணுக்காகத்தாங்க வந்தேன். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து, பூசினதுக்கு மேல கூழாங்கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தியிருப்பாங்க. பளிங்கே தோத்துடும். இவ்ளோ முழுசா நான் வேற எங்கயும் பார்த்ததில்லை."

அருணாதேவி தூணைத் தட்டிப் பார்த்தாள். "அது உள்ளதானேம்மா இருக்கும்? மேல பெயிண்ட்தானே?"

பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்கு ஓடிக் கத்தியோடு வந்தாள். சுரண்டினாள். தந்த நிறப் பெயிண்ட் உரிந்தது. பட்டி உதிர்ந்தது. அதற்கும் கீழே வழவழப்பு இல்லை. சொரசொரவென்று சுண்ணாம்புதான் பொடிப்பொடியாகக் கொட்டியது. இன்னொரு இடத்தில் சுரண்டினாள். அங்கேயும் அதே பொடி.

"மிஷின் போட்டாங்களா?" கவிநிலா மெதுவாகக் கேட்டாள்.

அருணாதேவி தலையசைத்தாள். "திரும்பப் பூசிக்கலாமே? நானே செலவு..."

"பூசலாங்க. ஆனா அது புதுசு. புதுசைப் பார்க்க எங்க விடுதிக்கு வர்றவங்க இவ்ளோ தூரம் வரமாட்டாங்க. கதவை, கண்ணாடியை ஏதாவது பண்ணிடலாம். இந்தத் தூணைக் காட்டி எங்க கம்பெனியை ஒத்துக்க வைக்க என்னால முடியாது." சற்றுத் தயங்கினாள். "நான்தான் இன்னும் வெவரமா சொல்லியிருக்கணும்."

வைத்த கேசரியை அந்தப் பெண் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை.

வல்லரசு வந்தபோது அருணாதேவி கத்தியும் கையுமாகத் தூணடியில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவளுக்குள் ஒரு சந்தேகம் தலை தூக்கியது.

"வேடியப்பன் உன் ஆளுதானே? நீதான் சொல்லி அனுப்புனியா, எல்லாத்தையும் இழைச்சுத் தள்ளுன்னு?"

வல்லரசு அவளை வெறித்துப் பார்த்தான். "நல்லா கேட்ட போ. என் கடைக்கு நடந்த பெயிண்ட் வேலையைப் பாதியில நிறுத்திட்டு அவனை இங்க அனுப்பினேன். தெரியுமா? அவன்தான் நம்மூர்ல நம்பர் ஒன். அவங்க பார்த்ததும் கையெழுத்துப் போட்டுடணும்னுதான்."

"நீதானேடா இடிக்கணும்னு குதிச்ச?"

"குதிச்சேன். இல்லேங்கல. அப்புறம் நீ அவ்ளோ ஆசையா ஓடுறதைப் பார்த்தேன்." அவன் தூணில் கையை வைத்து, பெயிண்ட் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்து, கையை எடுத்துக்கொண்டான். "சித்திரை வெயில்ல ரெண்டு பேரும் இதுல கன்னத்தை வெச்சுக்கிட்டு நிப்போமே, சில்லுனு. அது இருந்துட்டுப் போவட்டும்னு நினைச்சேன்."

சதி செய்தவன் என்று விரல் நீட்ட அவளுக்கு ஒருவரும் மிஞ்சவில்லை. வேடியப்பன் சொன்னதைச் செய்தான். தம்பி கேட்டதைக் கொடுத்தான். கவிநிலா ஒன்றும் செய்யாதீர்கள் என்று தமிழில்தான் சொன்னாள்.

"வேணும்னா இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமாக்கா?" வல்லரசு தரையைப் பார்த்தபடி கேட்டான். "வேற யாராவது..."

"வேணாம்டா. குறுக்க வரமாட்டேன்னு சொன்னேன் இல்ல?" அருணாதேவி புடவையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு எழுந்தாள். "பௌர்ணமிக்கு முன்னாடியே இடிச்சு முடிச்சுடு. கிரிவலக் கும்பல் வந்துட்டா லாரி உள்ள நுழையாது."