விரல்கள் படித்த ஆங்கிலம்

எங்கள் வக்கீலுக்கு ஆங்கிலம் வாயில் வரும். எனக்கு விரலில் வரும். அவர் கிறுக்கித் தருகிற மனுக்களைக் கணினியில் அடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. என் வேகத்துக்கு அந்தக் கட்டடத்திலேயே ஆள் கிடையாது. வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டதே என்று கவலைப்பட்டுக்கொண்டே ஒரு முழு மனுவைப் பிழையில்லாமல் அடித்து முடிப்பேன். அதில் யார் யார்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பேன்.

ஆபீசில் அது யாருக்கும் குறையாகப் படவில்லை. என்னைக் கவிழ்த்தது நுழைவுத் தேர்வு. முதுகலைப் படிப்பில் சேர நான் எழுதுகிற அந்தத் தேர்வில் கணக்கு, பொது அறிவு எல்லாம் ஊதித் தள்ளிவிடுவேன். ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்பார்களே, அங்கேதான் மண்ணைக் கவ்வுவேன். போன வருடமும் அதே கதை. அதற்கு முந்தைய வருடமும் அதே கதை. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இந்த முறை விட்டால் அவ்வளவுதான்.

"இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போற?" என்றார் கணவர்.

"இந்த வயசுல படிக்காம என்ன பண்ணுவேனோ, அதுக்குப் பதிலா இதைப் பண்றேன்" என்றேன். அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் பயிற்சிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். வக்கீல் என் மேசையருகே நின்றார். பின்னாலேயே ஜூனியர் பையன்கள் இரண்டு பேர்.

"ஓ, பரீட்சையா? இந்தப் பத்தியைப் படி. என்ன சொல்லியிருக்கான்னு சொல்லு பார்ப்போம்."

படித்தேன். ஓர் எழுத்து விடாமல் படித்தேன். நிமிர்ந்தபோது தலைக்குள் ஒன்றுமே இல்லை, கழுவி விட்டதுபோல் இருந்தது.

"இத்தனை வருஷமா இங்கிலீஷ்லயே புரள்ற. ஒரு வரிகூட ஒட்டலையே!" என்றார் வக்கீல்.

"உங்க கையை மட்டும் காலேஜுக்கு அனுப்பி வைங்க மேடம்" என்றான் ஒரு ஜூனியர். மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் கோபம்தான் வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான், அழுதுகொண்டு படிக்க முடியாது, கோபத்தோடு படிக்கலாம்.

வீட்டில் என் ஓரகத்தி இருக்கிறாள். கொழுந்தனின் மனைவி. தெருவே அவளை ரேடியோ என்றுதான் சொல்லும். வாயை மூடவே மாட்டாள். துணிக்கொடியில் யாருக்கு எந்தப் பக்கம் என்ற தகராறில் நான் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னோடு பேசிக்கொண்டேதான் இருந்தாள்.

அன்று மாலை சமையலறை மேசையில் நான் படித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"ஏன்க்கா, படிக்கும்போது மேசையில தாளம் போடுறீங்க?"

குனிந்து பார்த்தேன். பத்து விரலும் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தன. பத்தியை வரி வரியாக டைப் அடித்துக்கொண்டிருந்தன! கண் பார்த்ததை விரல் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது, மண்டைக்கு எதுவும் வந்து சேருவதே இல்லை. இரண்டு வருடம் என்னைத் தோற்கடித்தது என் சொந்தக் கைதான். வெட்டிப் போடலாமா என்றிருந்தது.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மாவுப் பாத்திரத்தை என் முன்னால் நகர்த்தினாள்.

"கையை இதுல போடுங்க. பிசைஞ்சுக்கிட்டே படிங்க. புத்தகத்தை நான் பிடிக்கிறேன்."

"உன் வேலையை என் தலையில கட்டுறியா?"

"ரெண்டும்தான்" என்றாள் கூச்சமே இல்லாமல்.

நான் பிசைந்தேன். மாவுக்குள் மாட்டிய விரல்களுக்கு டைப் அடிக்க வழியில்லை. கண் மட்டும் தனியாக, தள்ளாடித் தள்ளாடி வரிகள்மேல் நடந்தது. ஒரு பத்தி முடிந்ததும் ரேடியோ புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஊர்வம்பு என்றால் உயிர்.

"சொல்லுங்க. யாரு, யாரை, என்ன சொல்றான்?"

"யாரையும் இல்ல. ஊருக்குள்ள மரம் நடுறதைப் பத்தி."

"சண்டை இல்லாமலா இவ்வளவு நீளமா எழுதுவான்? நல்லா பாருங்க."

மறுபடியும் படித்தேன். இருந்தது! "ஓர் அதிகாரி தெருவெல்லாம் மரம் நடச் சொல்றார். எழுதினவன் முதல்ல அவரை ஆகா ஓகோன்னு புகழ்றான். அப்புறம், நட்ட மரத்துக்கு யாரு தண்ணி ஊத்தினதுன்னு கேக்கறான்."

"பாத்தீங்களா! ஒருத்தன் புகழ்ந்துக்கிட்டே வந்தான்னா, பின்னாடி ஒரு 'ஆனா' ஒளிச்சு வச்சிருக்கான்னு அர்த்தம். என் கல்யாணத்தன்னைக்கு நம்ம சின்ன மாமியார் என்னைப் பத்திப் பேசினாங்களே, அதே மாதிரி."

விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்து வீட்டில் மாவு பிசைகிற வேலை எனக்கு, வம்பு கேட்கிற வேலை அவளுக்கு. கடினமான சொற்களையும் அவள் விடவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர்மேல் ஒட்டினாள். குப்பையை எடுத்துப் போகச் சொன்னால் எழுந்திருக்க யோசிக்கிற என் கணவர் 'ரிலக்டன்ட்'. தன்னைத் தானே பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு பந்தா பண்ணுகிற எங்கள் வக்கீல் 'பாம்பஸ்'. நான் 'ஆப்ஸ்டினேட்'. பிடிவாதக்காரி என்று அர்த்தம் சொன்னதும் யோசிக்காமல் என்னைக் காட்டினாள். துணிக்கொடித் தகராறு எப்போது முடிந்தது என்று எனக்கு நினைவில்லை.

தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வக்கீல் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை வந்துடு. திங்கட்கிழமை பெரிய கேஸ்."

"ஞாயித்துக்கிழமை பரீட்சை சார்."

"ரெண்டு தடவை பார்த்தாச்சே, இன்னுமா? வரலேன்னா வேற ஆள் பார்த்துக்குவேன்."

"பாருங்க சார். நல்ல ஆளா பாருங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று படியில் நின்றேன். கேட்கவில்லை.

இந்த வருடம் புதிதாகத் தேர்வு அறையில் ஆளுக்கொரு கணினி. "மௌஸ் மட்டும்தான். கீபோர்டைத் தொட்டா ஸ்கிரீன் லாக் ஆயிடும்" என்று அறிவித்தார் கண்காணிப்பாளர். எத்தனையோ வருடமாக அதைத் தொட்டே பிழைக்கிற கை இது. முதல் பத்தி திரையில் வந்ததுமே விரல்கள் எழுந்துவிட்டன. சட்டென்று கீபோர்டை விளிம்பில் பிடித்துத் தூக்கித் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "என்னம்மா பண்றீங்க?"

"தொடக்கூடாதுன்னீங்களே சார். நான் டைப்பிஸ்ட். எனக்குப் புரியும், என் கைக்குப் புரியாது."

அவர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அப்படியே இருக்கட்டும்" என்று நகர்ந்தார். இடது கையில் கைக்குட்டையைச் சுருட்டி மாவாகப் பிசைந்தேன். வலது கையில் மௌஸ். யாரு, யாரை, என்ன சொல்றான்? ஒவ்வொரு பத்தியும் வாயைத் திறந்து வம்பு பேசியது. ஒரு கேள்வியில் 'ரிலக்டன்ட்' வந்தது. குப்பைக் கூடையும் கணவரும் கண்முன் வந்து நின்றார்கள். முடித்ததும் மதிப்பெண் திரையிலேயே விழுந்தது. ஆங்கிலத்துக்கு நேராகத் 'தேர்ச்சி'. அந்த ஒரு சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். வேறு ஆள் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜூனியர் அடித்த லட்சணம் குப்பைத் தொட்டியில் கிடந்தது. வக்கீல் தன் கிறுக்கலை என் முன்னால் போட்டார். கோர்ட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரியில் விரல்கள் நின்றுவிட்டன. வீட்டுக்காரர் ஒருவர் தன் வாடகைக்காரரை யோக்கியர், பொறுமைசாலி என்று புகழ்ந்துகொண்டே வந்தார். நான் 'ஆனா'வுக்காகக் காத்திருந்தேன். வந்தது. வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். இப்படி எத்தனை பேரை நான் காஸ் கவலையோடு காலி செய்யச் சொல்லி அடித்துக் கொடுத்திருக்கிறேனோ!

"என்ன இவ்வளவு நேரம்?" வக்கீல் தலைக்குமேல் நின்றார். "உன் கைக்கு என்ன ஆச்சு?"

"கைக்கு ஒண்ணும் ஆகல சார். படிக்கிறேன்."

"படிக்கிறியா? உன்னை அடிக்கத்தானே சொன்னேன்!"

"படிச்சுட்டு அடிக்கிறேன்" என்றேன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவரைக்கும் உக்காருங்க சார்."