டயல் வைக்காத இடம்

மெஷினை ஓட்டிக் காட்டும் அந்தக் கூடத்தில் நாற்காலி என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதிலும் அவள் கணவர் தன் பையை வைத்துவிட்டார். "மேடம் நிக்கிறாங்களே சார், இருங்க, வேற ஒண்ணு எடுத்துட்டு வரேன்" என்று டெமோ இன்ஜினியர் கிளம்பினான். "அதெல்லாம் எதுக்கு தம்பி, அவளுக்கு நின்னே பழக்கம்" என்று அவர் தடுத்துவிட்டார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசல் பிடிக்கிற லேத்துக்கு முன்னால் நின்று நின்றுதான் அவளுக்குத் தலை நரைத்தது. பழகிவிட்டால் கால் வலிக்காது என்று இந்த மனுஷனுக்கு யார்தான் சொல்லிவைத்தார்களோ!

அவர்கள் நடத்துகிற பட்டறையில் அவர் பெயரே டயல்தான். சுற்றுகிற பொருள் கோணினால் முள் ஆடிக் காட்டுகிற அந்தச் சின்ன வட்டக் கருவியை எதன் மேலாவது வைத்துப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வாங்கி வந்த கம்பி, வேலையாள் கடைந்த பீஸ், வீட்டு மின்விசிறியின் தண்டு, எதையும் விட்டதில்லை. "முள் ஆடுது பாரு, முள் ஆடுது பாரு" என்று அவர் போட்ட போட்டில் இரண்டாவது லேத்துக்கு வந்த ஆட்கள் ஒவ்வொருவராக ஓடியே போனார்கள். கடைசியில் அந்த லேத்தில் அவள் போய் நின்றாள். நாலு நாளைக்கு என்றுதான் நின்றாள்.

வேலை இதுதான். பம்புக்குள் போகிற கனமான உலோகக் குழல், புஷ் என்பார்கள். அதன் முதல் பக்கத்தை அவர் தன் லேத்தில் கடைந்து கொடுப்பார். அவள் அதைத் திருப்பித் தன் லேத்தில் பிடித்து இரண்டாம் பக்கத்தைக் கடைய வேண்டும். திருப்பிப் பிடிப்பதில்தான் உயிரே இருக்கிறது. இரண்டு பக்கத்து மையமும் ஒன்றாகச் சேராவிட்டால் பம்பு கத்தும். அதற்காக முள்ளைப் பார்த்துப் பார்த்து, செம்புச் சுத்தியலால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு என்று தட்டிச் சரிக்கட்ட வேண்டும். இடது கையில் தூக்கி, வலது கையில் இறுக்கி, தட்டி, கடைந்து, கழற்றி வைத்தால் அடுத்தது காத்துக்கொண்டிருக்கும். விடிந்தால் இதே பாடு.

வலது தோள் மேலே எழும்பாமல் போய் ரொம்ப காலம் ஆகிறது. பின்னல் போடக் கை எட்டவில்லை என்று முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். "வெயிலுக்கு நல்லதுதான்" என்றார் அவர். "தோள் வலிக்குதுங்க" என்று வாய்விட்டும் சொல்லிப் பார்த்தாள். தைலம் வாங்கி வந்தார். தேய்த்தும் விட்டார், இல்லையென்று சொல்லக் கூடாது. தேய்த்துக்கொண்டே, "உன் கைக்கு எவன் வருவான், சொல்லு?" என்றார். அந்தப் பெருமையைக் கேட்டுக்கொண்டு மறுநாளும் போய் நின்றாள்.

இந்த மெஷினைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "சும்மா ஒரு தடவை பார்த்துட்டு வரலாமே" என்று அவரை நச்சரித்துக் கூட்டிவந்தவள் அவள்தான். வாங்கலாம் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், உட்கார்ந்துவிடலாம். அதைத் தவிர வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

மெஷின் ஒரு அறை அளவு இருந்தது. கடைவது, துளை போடுவது, பட்டை வெட்டுவது எல்லாம் ஒரே கதவுக்குள். இடது பக்கம் பீஸைப் பிடித்துச் சுற்றுகிற ஒரு தலை. அதற்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் பார்த்தபடி இன்னொரு தலை. "அதான் மேடம் சப் ஸ்பிண்டில்" என்றான் இன்ஜினியர். அவர்கள் கொண்டுவந்த தடித்த உருளைக் கம்பியிலேயே அவர்களுடைய புஷ்ஷை ஓட்டிக் காட்டினான்.

கண்ணாடிக்குப் பின்னால் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் வெள்ளையாகப் பாய்ந்தது. முதல் பக்கம் முடிந்தது. அப்போது எதிர்த்தலை சுற்றிக்கொண்டே முன்னால் நகர்ந்து வந்தது. சுற்றுகிற பீஸை, நிறுத்தாமலே, அதே வேகத்தில் வந்து பிடித்தது. ஒரு கணம் பீஸ் இரண்டு தலையிலும் இருந்தது. பிறகு முதல் தலை பிடியை விட, எதிர்த்தலை பீஸை வாங்கிக்கொண்டு பின்னால் போய் இரண்டாம் பக்கத்தைக் கடைய ஆரம்பித்தது. அவ்வளவுதான். தட்டலும் இல்லை, தூக்கலும் இல்லை. இந்த ஒரு கைமாற்றத்துக்காகவா இத்தனை வருஷம் நான் செத்தேன் என்று நினைத்தாள்.

டயல் அசைந்து கொடுப்பாரா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினார். மருமகள் வைத்த குழம்பை மாமியார் ருசி பார்ப்பது போல் இருந்தது அவர் முகம்.

"சீவின சுருள் போய் அந்தப் பிடியில சிக்கிக்கிச்சுன்னா?"

"ஒவ்வொரு தடவையும் காத்து அடிச்சு சுத்தம் பண்ணிடும் சார்."

"சூடேறினா?"

"காலையில இருந்து ஓடிட்டுதான் சார் இருக்கு. இப்ப வந்த பீஸையே அளந்து பாருங்க."

அளந்தார். முதல் பக்கத்தை, பள்ளம் வெட்டின வி-பிளாக் கட்டையில் படுக்க வைத்து, இரண்டாம் பக்கத்தின் மேல் முள்ளை வைத்து, ஒரு சுற்றுச் சுற்றினார். பன்னிரண்டு மைக்ரான். அடுத்த பீஸ் பதினொன்று. தலைமுடி ஒன்றின் கனமே எழுபது மைக்ரான் இருக்கும். பம்புக்காரர்கள் கொடுத்த டிராயிங்கில் ஐம்பது வரை போகலாம் என்று போட்டிருந்தது. இன்ஜினியர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவளுக்கும் உச்சி குளிர்ந்தது.

அவரோ நாற்காலியில் இருந்த பையிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய புஷ் ஒன்றை எடுத்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிற புஷ். அவள் அந்த லேத்துக்கு வந்த புதிதில் கடைந்தது. அதை வி-பிளாக்கில் வைத்துச் சுற்றினார். நாலு மைக்ரான். முள் தூங்குகிறதோ என்று தோன்றும்.

"பார்த்தீங்களா? எங்க வீட்டம்மா கை. உங்க மெஷின் மூணு மடங்கு ஆடுது தம்பி."

"சார், டிராயிங்ல ஐம்பது..."

"டிராயிங் கிடக்கட்டும். நான் இவ கையைத்தான் கணக்கா வெச்சிருக்கேன். இவ்வளவு பெரிய மெஷின், இவ கைக்கு வரலையே! வேண்டாம் தம்பி. நேரத்துக்கு நன்றி." பெருமையில் அவர் முகம் பூரித்துக் கிடந்தது.

திட்டினால் திருப்பித் திட்டலாம், தலையில் தூக்கி வைத்து ஆடுகிற மனுஷனை என்ன செய்வது? தான் நன்றாகச் செய்த ஒரு புஷ்ஷே இப்படித் தன்னைக் கட்டிப்போட்டு நிறுத்தும் என்று அவள் நினைத்தாளா?

தோள்பையைத் திறந்தாள். காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில் நேற்றைய பீஸ் இரண்டை உள்ளே போட்டிருந்தாள். எடுக்கத் தைரியம் வருமா என்று அப்போது தெரியவில்லை. இப்போது எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதையும் பாருங்க."

அவர் சாதாரணமாகத்தான் வைத்துச் சுற்றினார். முள் முப்பத்தொன்றுக்குப் போய்த் திரும்பியது. துணியால் வி-பிளாக்கைத் துடைத்து மறுபடி சுற்றினார். முப்பத்தொன்று. இன்னொன்றை வைத்தார். முப்பத்தெட்டு.

"டயல் லூஸா இருக்கு போல" என்றார். திருகை இறுக்கினார். மறுபடியும் முப்பத்தெட்டு.

"யாரு போட்டது இது?"

"நம்ம ஷாப்ல ரெண்டாம் பக்கம் வேற யாருங்க போடுறா?"

இன்ஜினியர் நல்ல பிள்ளை. கூலன்ட் பார்க்கிற சாக்கில் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டான்.

அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கட்டிக் காத்த பெயர் இப்படி வேற்று இடத்தில் அவிழ்ந்து கிடந்தால் யாருக்குத்தான் இருக்காது? ஆனாலும் சொன்னாள். "எல்லார் பீஸ்லயும் டயல் வெச்சீங்க. என் பீஸ்ல வெச்சதே இல்ல."

"உன் பீஸ்ல என்னத்தப் பார்க்கறதுன்னு விட்டுட்டேன்."

"பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். முந்தி மாதிரி கை நிக்க மாட்டேங்குதுங்க. தட்டுறது ஒரு இடம், படுறது ஒரு இடம். ஐம்பதுக்குள்ள கொண்டுவந்து நிறுத்தறதுக்குள்ள எனக்கு உசிர் போய் உசிர் வருது."

"ஏன்டி, சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. தைலம் வாங்கிட்டு வந்தீங்க."

அவர் நாலு மைக்ரான் புஷ்ஷைத் துணியில் சுற்றப் போனார். பாதியில் விட்டார். அவளுடைய வெட்டின முடியை, இன்றைக்குத்தான் பார்க்கிறவர் மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியில் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார். நாற்காலியை இழுத்து வந்து அவளுக்குப் பின்னால் போட்டார்.

"உட்காரு."

உட்கார்ந்தாள்.

"தம்பி!" என்று குரல் கொடுத்தார் டயல். "இன்னொரு தடவை முதல்ல இருந்து ஓட்டுங்க. டிராயிங்கையே வெச்சுப் பார்ப்போம்."

கதவு மூடி மெஷின் ஓட ஆரம்பித்தது. அந்தக் கைமாற்றத்தை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்தலை நகர்ந்து வந்து பீஸைப் பிடிக்கிற வரைக்கும் முழித்திருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

இரண்டாம் பக்கமும் முடிந்து மெஷின் நின்றது. பீஸை எடுக்க இன்ஜினியர் கதவில் கை வைத்தான்.

"மெதுவாத் திறங்க தம்பி" என்றார் டயல். "தூங்குறா."