பதினாறு பக்கம் காணோம்

தையல்காரிக்குப் புத்தகம் படிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. கழுத்தில் இருந்த கட்டியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டர், மூன்று வாரம் மெஷின் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார். சும்மா கிடந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்று, பைண்டிங் கடை வைத்திருக்கும் புருஷன் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று நாவல். மற்றது கப்பல் சமையல்காரர் ஒருவர் எழுதிய சொந்த அனுபவம்.

படித்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாவலில் வாய்த்துடுக்கான ஒரு மருமகள், மாமியாரை ஒரு வார்த்தை பேசவிடாதவள். தையல்காரிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. லேசாக இருமுகிறாள் என்று ஒரு பக்கம் முடிகிறது. புரட்டினால், அவள் புருஷன் தனியாகத் துணி துவைக்கிறான், பிள்ளைகள் அத்தை வீட்டில் வளர்கின்றன. அவள் எங்கே போய்த் தொலைந்தாள்? கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கா? சரி, கதைதானே, எழுதுகிறவன் இஷ்டம் என்று விட்டால், நிஜத்தைச் சொல்ல வந்த கப்பல்காரரும் அதே கூத்து. காலில் புண் என்று டாக்டரைப் பார்க்கப் போகிறார். அடுத்த பக்கத்தில் கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறார்!

"ஏங்க, இந்த எழுதுறவங்களுக்கெல்லாம் நடுவுல தூக்கம் வந்துடுமா?"

"இப்பல்லாம் அப்படித்தான் எழுதுறாங்க. படிக்கிறவங்களே யோசிச்சுக்கணுமாம்."

"யோசிக்காம இருக்கத்தானே புத்தகமே கொண்டுவந்தீங்க? சரி, ரிப்போர்ட் வந்துச்சா?"

"இன்னும் வரல," என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில்தான் பக்க எண்ணைப் பார்த்தாள். நாவலில் 128க்கு அடுத்து 145. கப்பலில் 80க்கு அடுத்து 97. புத்தகத்தின் முதுகை விரித்துப் பார்த்தாள். பழுப்பேறிய நூலுக்கு நடுவில் புத்தம் புது வெள்ளை நூல். தையல்காரியிடமா தையலை மறைப்பது?

குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவரை மடக்கினாள். "இது யார் போட்ட தையல்?"

"ஒரு பக்கத்தை மட்டும் உருவ முடியாது. மடிச்சுத் தைச்ச பாரம் பாரமாத்தான் கழட்டணும், பாரத்துக்குப் பதினாறு பக்கம்," என்று தொழிலைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார்.

"அந்தப் பதினாறுல என்ன இருந்துச்சு?"

"ஆஸ்பத்திரி. ரெண்டுலயும். நீ எதுக்கு அதைப் போய்ப் படிச்சுக்கிட்டு..."

அவள் புத்தகத்தைக் கீழே வைத்தாள். "என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. ரிப்போர்ட் வந்துடுச்சா?"

அவர் அலமாரியில் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். பசை ஒட்டிய வாய் அப்படியே இருந்தது. அவளுக்குக் குழப்பம் இன்னும் கூடிப்போனது.

"வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு. பிரிக்கத்தான் கை வரல."

"அஞ்சு நாளாவா?"

காலையிலிருந்து சாயங்காலம்வரை காகிதம் வெட்டுகிற மனுஷனுக்கு ஒரு கவரைக் கிழிக்கக் கை வரவில்லையாம்! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் அஞ்சு நாளாக எப்படிச் சோறு தின்றான், எப்படித் தூங்கினான் என்று பாவமாகவும் இருந்தது. கவரைக் கிழித்தாள். வாயில் நுழையாத பெயரும் எண்ணுமாக முக்கால்வாசி விளங்கவில்லை. ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்தாள். கடைசிப் பத்தி விளங்கியது. கட்டி கெட்டதுதான். இன்னும் பரவவில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து அவரிடம் காட்டினாள். படித்தவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு நாளைத் தின்னாச்சு. மிச்ச அழுகையைப் போற வழியில அழுதுக்கலாம்," என்று அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். "சட்டையைப் போடுங்க. டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிடுவார்."