ஓடி வந்தவர்கள்

மனநல ஆலோசகி தன்னிடம் வருபவரை முதலில் கேள்வி கேட்பதில்லை. அவராக வாய் திறக்கும்வரை காத்திருப்பதுதான் மரியாதை என்பது அவள் கொள்கை. சொல் தவறாத குடும்பத்தில் பிறந்தவள். பிடித்த பிடியை விடமாட்டாள்.

எதிரில், வாரக்கணக்காக வந்துபோகும் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் ஊசி ஏறி இறங்கிய தழும்புகள். தையல் ஆலையில் அது நடந்த நாள் முதல் அவள் பேசவில்லை. அழைத்து வந்த அண்ணி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"மத்தியானம் கம்பெனியில விசாரணைம்மா. இவ வாயத் தொறக்கலன்னா சூப்பர்வைசர் ஜம்முனு வேலைக்குத் திரும்பிடுவான். இவளே மெஷின்ல கைய விட்டுக்கிட்டான்னு சொல்றான். நீங்க ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன்."

"அவங்களாப் பேசணும். நான் நெருக்கக் கூடாது."

"நல்லாருக்கு போங்க. முன்னெல்லாம் எங்கிட்ட சண்டை போட்டா எட்டுத் தெருவுக்குக் கேக்கும் இவ குரலு. இங்க வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து ஊமைப் படம் ஓட்டுறீங்க."

அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். ஆலோசகி வழக்கம்போலக் கைகளை மேசைமேல் வைத்துக் காத்திருந்தாள்.

தையல்காரி சட்டென்று எழுந்தாள். ஆலோசகியின் வலது கையைப் பலகையோடு அழுத்தி, கிடந்த பேனாவை எடுத்து ஓங்கிக் குத்தினாள். முனை தோலைக் கிழித்து எலும்பில் இடறியது. உருவி, மறுபடி குத்தினாள். ஆலோசகி வீறிட்டாள்.

கதவு படாரென்று திறந்தது. அண்ணி ஓடி வந்தாள். வரவேற்பில் இருந்த பெண் ஓடி வந்தாள். காத்திருந்த கிழவர் கைத்தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூவருமாகத் தையல்காரியைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார்கள்.

"அடிப்பாவி, என்ன காரியம்டி பண்ணினே!" என்று அண்ணி தலையிலடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் ஓடி வந்தீங்கல்ல?" என்றாள் தையல்காரி. துருவேறிய குரல். "நானும் இப்படித்தான் கத்தினேன். ஹால் நிறைய ஆளு. ஒருத்தர்கூடத் திரும்பலை."

ஆலோசகிக்கு வலியைவிட அந்தச் சொல் ஆழமாக இறங்கியது. அந்தக் கூடத்தில் குனிந்த தலை நிமிராமல் தைத்தவர்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? மரியாதை என்று அவள் காத்த மௌனம், இவளுக்குப் பழகிப்போன அதே மௌனம்தான்.

"விடுங்க அவளை," என்றாள். ரத்தம் சொட்டும் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "யாரு பண்ணினா? எதுக்கு?"

"சூப்பர்வைசர். கக்கூஸை ஏன் பூட்டுறீங்கன்னு கேட்டேன். கையப் புடிச்சு ஊசிக்கடியில வச்சு மெஷினை மிதிச்சான். நிறுத்தி, சிரிச்சுட்டு, திரும்ப மிதிச்சான்."

"விசாரணையில இதைச் சொல்லுவியா? நானும் வரவா?"

தையல்காரி தலையசைத்தாள்.

ஆலை அலுவலகத்தில் மேலாளர் ஆலோசகியின் கைக்கட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"சேதி வந்துச்சு. இவதானே குத்தினா? அப்புறம் என்ன, பைத்தியம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். முடிஞ்சுது."

இல்லை, கதவில் நசுங்கியது என்று ஆலோசகி சொல்லலாம். எளிது. ஆனால் பொய்யால் ஒருத்தியைக் காப்பாற்றினால், நாளை அவள் சொல்லும் மெய்யும் பொய்யாகும். ஆலோசகியின் வீட்டாருக்கு அந்தப் பழக்கமும் இல்லை.

"இவதான் குத்தினா. இவளுக்கு நடந்ததை நான் வாரக்கணக்கா ஒரு வார்த்தை கேக்கலை; அதான் காட்டினா. பைத்தியம் இல்லை. இப்போ அவளே சொல்லுவா, எல்லாரும் கேளுங்க."

தையல்காரி வாய் திறந்தாள். கழிப்பறைப் பூட்டு என்று சொல்லும்போதே சூப்பர்வைசர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான்.

"வாய மூடுடி நாயே!"

ஆலோசகி குறுக்கே புகுந்தாள். அவன் முழங்கை அவள் வாயில் இடித்தது. உதடு பிளந்தது, பல்லொன்று ஆடியது. காவலாளிகள் அவனை இழுத்துப் பிடித்தார்கள். மேலாளர் நாற்காலியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஆலோசகி ரத்தத்தைத் துப்பிவிட்டுத் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. எந்தக் கையால புடிச்சான்?"

"இடது கையால," என்று தொடர்ந்தாள் தையல்காரி.