வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பாரம் எந்தப் பக்கம் கூட இருந்தது என்பது பிறகு தேவைப்படும்.

1968ஆம் ஆண்டு புரட்டாதிப் பூரணை, ஞாயிற்றுக்கிழமை, வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தம். ஜீப்பின் முன்பக்கம், வலது கைப்புறம், ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி என் தங்கையின் கணவன் மார்க்கண்டு. நடுவில் தங்கை குணலட்சுமி. கலியாணம் நடந்து நான்கு மாதம் முடிந்திருந்தது. இடது கதவோரம் எங்கள் அம்மா மீனாம்பிகை. பின்னால் ஒன்றையொன்று பார்த்தபடி, இருக்கிறதுக்கு இரண்டு நீள வாங்குகள். வலது வாங்கில் மார்க்கண்டுவின் தமக்கை நாகேஸ்வரியும் அவளுடைய இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளும். இடது வாங்கில் மார்க்கண்டுவின் தாயார் சிவக்கொழுந்து மாமி, நல்ல உடம்புக்காரி. மாமிக்குப் பக்கத்தில் நான்.

ஆக எட்டுப் பேர். இடப்பக்கம் மூன்று பெரிய ஆட்கள். அந்த இடப்பக்கத்துக்கு அடியில்தான் இரும்பு செத்துக் கிடந்தது. எட்டுப் பேரில் அது தெரிந்தவன் நான் ஒருவன்.

வண்டி 1952ஆம் ஆண்டு லாண்ட் றோவர். ஊரில் எல்லாருக்கும் அது ஜீப்தான். 1958இல் ஓர் ஏலத்தில் எங்கள் தகப்பன், ஐயா, எடுத்தார். தும்பளையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு பனங்காணி மட்டும்தான். உப்புக்காற்று சைக்கிளைத் தின்னும், யன்னல் கம்பியைத் தின்னும், பூட்டைத் தின்னும். இந்த வண்டியை மட்டும் அது தொடவில்லை என்று ஐயா எல்லாரிடமும் சொல்லுவார். வெளித்தகடு அலுமினியம். அலுமினியம் துருப்பிடிக்காது. பத்து வருடத்துக்குப் பிறகும் பச்சை நிறம் மங்காமல் நின்றது. எங்களை ஏமாற்றியது அந்தப் பச்சைதான்.

ஐயாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை விடிய, தான் தலைமுழுகித் தோயமுதல் ஜீப்பைத் தோயவார்ப்பார். கிணற்றில் அள்ளி அள்ளி மேலே ஊற்றிய பிறகு, சாக்கை விரித்து அடியில் படுத்து, அடிச்சட்டத்தின் சந்து பொந்தெல்லாம் தண்ணீர் அடிப்பார். பிறகுதான் முன்கண்ணாடிக்குச் சந்தனம். தீர்த்தத்துக்குப் போய் வந்த நாளில் இரண்டு முறை கழுவுவார். கடலுப்பு நிற்கக்கூடாதாம். ஐயா போன பிறகு நானும் ஒரு வெள்ளி தவறாமல் அதையே செய்தேன். கூட்டுறவுச் சங்க வேலைக்குக் கொஞ்சம் பிந்திப் போனாலும் கழுவாமல் போகமாட்டேன்.

தங்கைக்குக் கலியாணம் பேசியபோது வரணியிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டையும் காணியையும்விட ஜீப்பில்தான் கண் நின்றது. மார்க்கண்டுவுக்குப் பரந்தனில் வயல். மழைகாலத்தில் அந்த வரம்புப் பாதைகளில் வேறு வண்டி போகாது. சீதனத்தில் ஜீப்பும் சேர்ந்தது. கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கொடுக்கிற பொருளை ஒழுங்காகக் கொடுப்போம் என்று கராச்சுக்குக் கொண்டுபோனேன். நெல்லியடியில் தெரிந்தவர்கள் அதிகம், சீதன வண்டி கராச்சில் நிற்கிறது என்று கதை போகும் என்பதால் குருநகருக்குப் போனேன். அங்கே கிறிஸ்துநாயகம் என்பவர் வள்ளங்களுக்கு இரும்பு ஒட்டுகிறவர்.

அவர் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தார். வலப்பக்கம் மணிபோலக் கேட்டது. இடப்பக்கம் கதவுக்கு நேர் கீழே வந்ததும் சத்தம் நின்றுபோனது. தலையணையில் தட்டினமாதிரி. ஸ்குரூ டிரைவரை எடுத்து ஊன்றினார். அது பிடிவரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கபில நிறத்தில் துரு பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. ஒரு சிரட்டை நிறைய வரும்.

"எந்தத் தண்ணியிலை கழுவிறனியள், தம்பி?"

வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்றேன்.

"குடிக்கிறதும் உதோ?"

இல்லை, அது உவர், குடிக்கக் கோயில் கிணற்றில் அள்ளுவோம் என்று சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவர் எழும்பிக் கையைத் துடைத்தார்.

"கடல் இதைத் தின்னேல்லை. நீங்கள் குடிக்க ஏலாத தண்ணியைப் பத்து வரியமா இதுக்குப் பருக்கியிருக்கிறியள். எங்கடை மீன் லொறியைப் பாருங்கோ, ஒருநாளும் குளிச்சதில்லை. கிழவி இன்னும் ஓடுது."

ஒட்டுப்போட முடியாது, முழுச் சட்டமும் மாற்றவேண்டும், ஒரு மாதம் பிடிக்கும் என்றார். ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றேன். அப்படியென்றால், பாரம் ஏற்றக்கூடாது, மணலுக்குள் விடக்கூடாது என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். வரும் வழியில் ஒரு பேணி தார் வாங்கினேன். ஐயா படுத்த சாக்கிலேயே படுத்து, தும்புக்கட்டையால் இரண்டு பூச்சுப் பூசினேன். கறுப்பாக, புதிதுபோல, அழகாக இருந்தது. கலியாணத்தன்று மார்க்கண்டு குனிந்து பார்த்துவிட்டு, மச்சான் வண்டியைப் பிள்ளைமாதிரி வைத்திருக்கிறார் என்று தன் ஆட்களிடம் சொன்னான். நான் சிரித்தேன்.

நான்கு மாதமாக எனக்கு நித்திரை ஒழுங்கில்லை. ஆனாலும் வரணிக்குள் ஓடுகிற வண்டிதானே, மெல்ல ஏதாவது சாட்டுச் சொல்லித் திருப்பி எடுத்து மாற்றிவிடலாம் என்று நாளைக் கடத்தினேன். தீர்த்தத்துக்குத் தன் வீட்டாரையெல்லாம் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பான் என்று நினைக்கவில்லை. அம்மா ஏறிவிட்டாள். நான் ஏறாமல் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏறினேன்.

கோயிலிலிருந்து கடலுக்குப் போகிற வழி முழுக்க மணல். சனம் கால் புதையப் புதைய நடக்க, மார்க்கண்டு நாலு சில்லும் பிடிக்கிற கியரைப் போட்டு அவர்களுக்குப் பக்கமாக விட்டான். முதல் மேட்டில் ஏறும்போதே கேட்டது. காவோலையை மிதித்தாற்போல ஒரு சின்ன நெரிவு. வேறு யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அது உள்ளங்காலில் தெரிந்தது.

என் இடத்திலிருந்து பார்த்தால் முன்கதவுக்கும் பின்பெட்டிக்கும் இடையிலுள்ள இடுக்கு தெரியும். கோயிலடியில் அதற்குள் ஒரு சதக்காசு நுழையாது. இரண்டாம் மேட்டில் அதற்குள்ளால் வெளிச்சம் தெரிந்தது. மூன்றாம் மேட்டில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். போனது. அந்தக் கதவில்தான் அம்மா சாய்ந்துகொண்டிருந்தாள்.

நான் எழும்பி, வெயில் அடிக்கிறது என்று சொல்லி, வலது வாங்கில் நாகேஸ்வரியின் பிள்ளைகளுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு இருந்தேன். பிள்ளைகள் இரண்டுக்கும் குறுக்கே கையைப் போட்டுப் பிடித்தேன். மாமா கடலுக்குப் பயப்பிடுறார் என்று சின்னவள் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். சிவக்கொழுந்து மாமி, தும்பளையார் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் பயந்தவர்கள் என்றா.

தோய்ந்துவிட்டு வந்து ஏறியபோது இடது கதவு பூட்டுப்படவில்லை. மார்க்கண்டு இரண்டு தரம் அடித்துச் சாத்தினான். அது திரும்ப வந்தது.

"உப்புத் தண்ணி குடிச்சு வீங்கிப் போச்சு," என்று சொல்லி, கதவைக் கட்ட மாமியின் ஈரச்சேலைத் தலைப்பைக் கேட்டான். மாமி ஏசவும் சிரித்துக்கொண்டு கயிற்றால் கட்டினான்.

கதவு வீங்கவில்லை. சட்டம் நடுவில் இறங்கியிருந்தது.

இப்போதே சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன தம்பி என்று கேட்டா. கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடவேண்டும் என்று சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான். வீடு வந்து சேரும்வரை அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது மார்க்கண்டு சொன்னான்: "புதன்கிழமை பரந்தனுக்குப் போறன், மச்சான். விதைநெல்லு பன்னிரண்டு மூட்டை. அம்மாவும் அக்காவும் பிள்ளையளும் வருவினம். இவளும் வயலைப் பார்க்கவேணுமெண்டு நிக்கிறாள்."

குணலட்சுமி தலைமயிரைப் பிழிந்துகொண்டு சிரித்தாள்.

அந்தச் சட்டத்துக்கு மேலே பன்னிரண்டு மூட்டை நெல், அதற்குமேல் இத்தனை பேர். பரந்தன் போகிற வழியில், ஆனையிறவில், பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர். அன்று நான் சாப்பிடவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  கொடுத்த சீதனம் உக்கினது என்று அந்த வீட்டில் தெரிந்தால் சிவக்கொழுந்து சாகும்வரைக்கும் சொல்லிக்காட்டுவா, பிள்ளை அங்கே இருந்து சீவிக்கவேணும் என்றாள். புதன்கிழமை நாள் சரியில்லை, சாத்திரியார் சொன்னார் என்று எழுதிவிடு என்றாள்.

திங்கள் விடிய எழுத மேசைக்கு முன்னால் இருந்தேன். முதல் கடிதம் அம்மா சொன்னபடி. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். நாள் சரியில்லையென்றால் மார்க்கண்டு வியாழன் போவான். துருவுக்கு வியாழனும் ஒன்றுதான். கிழித்தேன். இரண்டாம் கடிதத்தில், கராச்சுக்காரர் ஒருவர் தற்செயலாகப் பார்த்ததாக எழுதினேன். அதில் நான் இல்லை. என் தார் இல்லை. கராச்சுக்காரர் எங்கே எப்போது பார்த்தார் என்று அவன் கேட்பான். அதற்கு இன்னொரு பொய் வேண்டும். அதையும் கிழித்தேன்.

நேரில் போகலாமே என்று கேட்பீர்கள். முகத்துக்கு முன்னால் என் வாய் என்ன செய்யும் என்று ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டேன். கடிதம் முந்திப் போகவேண்டும். அது போன பிறகு எனக்குப் பொய் சொல்ல இடமிராது.

மூன்றாவது கடிதம் இது:

"அன்புள்ள மச்சான் மார்க்கண்டுவுக்குச் சண்முகநாதன் எழுதிக்கொள்வது. இது கிடைத்த நேரந்தொட்டு ஜீப்பை எடுக்கவேண்டாம். வளவுக்குள்ளும் எடுக்கவேண்டாம். நான் எழுதுவதை நம்பவேண்டாம், நீரே பாரும். ஒரு ஸ்குரூ டிரைவரோடு அடியில் படுத்து, இடது கதவுக்கு நேர் கீழே தார் பூசியிருக்கும் சட்டத்தில் ஊன்றும். பிடிவரை போகும். பிள்ளைகளைக் கிட்ட வைத்திருக்கவேண்டாம்.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் முந்தி எனக்கு இது தெரியும். தாரைப் பூசியவன் நான். தங்கைக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு நேற்றுத்தான் தெரியும். உம்முடைய தாயார் ஏசுவா, அது நியாயம். அந்த ஏச்சைத் தங்கை வாங்கக்கூடாது. செவ்வாய் பின்னேர பஸ்ஸில் நான் வாறன். உங்கள் வாசலில் நிற்பேன். எல்லாரும் கேட்க என்னை ஏசச் சொல்லும். நெல்லுக்கு மாட்டுவண்டி பேசும். ஆட்கள் பஸ்ஸில் போகட்டும்."

மடித்து உறைக்குள் வைத்தேன். பசைப்போத்தல் காய்ந்துபோயிருந்தது. அம்மா குசினிக்குள்ளிருந்து வந்து, ஒரு பிடி பழஞ்சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சோற்றை நசித்துப் பூசி, உறையின் வாயை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.  

தபாலில் போட்டால் புதன்கிழமைக்குள் போய்ச் சேராமல் பிந்தலாம். கொடிகாமம் பஸ் வரணியால் போகும். பருத்தித்துறை பஸ் நிலையத்தில் கொண்டக்டர் ஆழ்வாப்பிள்ளையைப் பிடித்தேன். மார்க்கண்டுவின் கையிலேயே கொடுக்கவேண்டும், தாயாரிடம் கொடுக்கவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். அவசரமோ என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

அவர் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்து, மணிக்கயிற்றை இழுத்தார். பஸ் வெளிக்கிட்டது.