பரணிலிருந்து வந்த தும்மல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மாடிவீட்டு அக்காவிடமிருந்து சுட்டது. அவர் தொழிலாளர் ஆய்வாளர். அன்று மாலை செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தவர், பாதிப் படியிலேயே கத்தினார்: "கெடச்சுட்டாங்கடா! மூணு பேரும் கெடச்சுட்டாங்க!" அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. அன்றே எழுத உட்கார்ந்தேன். மாதங்கள் ஓடிவிட்டன, இன்னும் முடித்தபாடில்லை.

முதல் தொடக்கம்: "அந்தச் சிறுமியின் கண்களில் கண்ணீர்..."

பொய். அவள் அழவே இல்லை. கோடு போட்டு அடித்தாயிற்று.

இரண்டாவது: "குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்க அரசு எடுத்துவரும்..."

எனக்கே கொட்டாவி வந்தது.

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் சோதனைக்குப் போகுமுன் முதலாளிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அக்கா போய் நிற்கும்போது பட்டறை கல்யாண வீடு மாதிரி பளபளக்கும். பிள்ளைகள் மட்டும் இருக்கமாட்டார்கள். புதிய உத்தரவு அதை மாற்றியது. இனி சொல்லாமலே நுழையலாம். கூடவே போலீசும் குழந்தைகள் நல அலுவலரும் வருவார்கள். (உத்தரவு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.)

அன்று ஜீப் ஓட்டுநருக்கே கடைசித் திருப்பத்தில்தான் இடம் தெரிந்தது. பள்ளிப்பை தைக்கும் பட்டறை.

முதலாளியை முதலில் முரட்டு ஆளாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு அக்கா, "சிரிச்ச முகம்டா அவருக்கு. பிரச்சனையே அதான்," என்றார். மாற்றிவிட்டேன்.

"சொல்லிட்டு வந்திருந்தா டீ வாங்கி வெச்சிருப்பேனே மேடம்," என்று சிரித்தார் முதலாளி.

"அதுக்குத்தான் சொல்லாம வந்தோம்."

எல்லாத் தையல் இயந்திரங்களிலும் பெரியவர்கள்தான். ஆனால் மூலையில் இருந்த ஒன்றில், மிதிகட்டையின் மேல் இன்னொரு மரக்கட்டை கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவரோ நல்ல உயரம்.

"கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

மிதித்தார். இரண்டு முழங்கால்களும் மேசையின் அடியில் 'டம்'மென்று இடித்தன.

அக்கா குனிந்து பார்த்தார். குட்டைக் கால்களுக்காகக் கட்டிய கட்டை அது. அந்தக் கால்கள் எங்கே? கழிவறையில் பார்த்தார்கள், மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தார்கள். எங்கும் இல்லை. முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கிளம்ப வேண்டியதுதான் என்று போலீஸ்காரர் தொப்பியை மாட்டினார்.

அப்போது தலைக்கு மேலிருந்து...

"அச்!"

முதலாளியின் சிரிப்பு நின்றது.

"அச்! அச்!"

[இந்த இடத்தைச் சொல்லும்போது அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். எழுத்தில் எப்படி உலுக்குவது?]

3

ஏணி போட்டு ஏறித் துணிச்சுருள்களை விலக்கினால், பரணில் மூன்று பெண்பிள்ளைகள். ஜீப்பைக் கண்டதுமே மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கீழே இறங்கியதும் மற்ற இருவரும் தும்மியவளை முறைத்தார்கள். அந்த உயரக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் தும்மியவளின் அப்பா. மகளின் இயந்திரத்தில்தான் அவசரமாகப் போய் உட்கார்ந்திருந்தார்.

ஜீப்பில் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "மேல தூசி ரொம்பவோ?" என்று கேட்டார் அக்கா.

அவள் காதருகே வந்தாள். "தும்மல் தானா வரல மேடம். நூலை மூக்குல விட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

4

வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. மூவரும் சிறப்பு வகுப்பில் சேர்ந்து, விட்ட பாடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு வேறொரு பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. அவர்தான் மகளைத் தினமும் சைக்கிளில் கொண்டுவிட்டுக் கூட்டிவருகிறார். "ஒரு தும்மல் எங்க குடும்பத்தையே ஆட்டிப்போட்டுடுச்சு," என்று வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்கிறார். பின்னால் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டே வருகிறாள்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், அது வேண்டுமென்றே போட்ட தும்மல் என்று தெரிந்ததும் அவர் சைக்கிளை நிறுத்தி மகளைக் கட்டிக்கொள்கிறார். சினிமா. இன்னொன்றில், முகங்கொடுத்துப் பேசுவதையே விட்டுவிடுகிறார். அதை எழுதக் கை வரவில்லை. மூன்றாவதில் அவர்...

அதற்குள் மறுபடி படியில் ஓட்டச் சத்தம். இந்தக் கதையை எழுதலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டு வருகிறார் அக்கா.

"எழுதட்டும்னு சொல்லிட்டாடா! ஆனா அது வெளிய வர்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட அவளே சொல்லப்போறாளாம். இன்னிக்கே! எப்படி ஆரம்பிக்கிறதுன்னு உன்னைக் கேட்டுட்டு வரச் சொன்னா. எழுதுறவன்தானே நீ?"

பேனாவை எடுத்தேன். "அப்பா, அன்னைக்கு நான்..."

அதற்கு மேல் ஓடவில்லை. அக்கா வாசலில் நிற்கிறார். வகுப்பு விடும் நேரம், சைக்கிள் வந்துவிடும். நீங்களும் என்றாவது ஓர் அப்பாவிடம் எதையோ சொல்லத் தவித்திருப்பீர்கள். சீக்கிரம், அடுத்த வார்த்தையைச் சொல்லுங்கள்.