திருப்பி வைக்காத குமிழ்

புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவர்களுக்குப் புத்தி சொல்ல அமெரிக்காவின் வயோமிங்கில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. மார்லிஸுக்கு வாய்த்தவன் கணவனின் அண்ணன் ட்வைட். கோடை முழுக்க அவளைக் குப்புறப் படுக்கவைத்துப் பாடம் எடுத்தான். மூச்சை விட்டுவிட்டுச் சுடு, விசையை வெடுக்கென்று இழுக்காதே, காற்றைப் புல்லில் பார், காகிதக் குறியில் அடித்துப் பழகாத தூரத்தில் உயிரைக் குறிவைக்காதே. பள்ளிப் பேருந்து ஓட்டிக் களைத்து வந்த பிறகும் அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். எல்க் மான் வேட்டைக்கான அனுமதிச் சீட்டு ஒன்பது வருடம் குலுக்கலில் நழுவி, இந்த ஆண்டுதான் அவள் பெயருக்கு விழுந்திருந்தது. இன்றோடு அதுவும் முடிகிறது.

ஆண் எல்க் ஒன்று இருநூறு கஜத்தில் பக்கவாட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. இதைவிடத் தோதாக எந்த மிருகமும் நிற்காது. மார்லிஸ் மூச்சை விட்டாள், விசையை அழுத்தினாள். மானுக்குப் பின்னால், சரிவில் உயரே மண் தெறித்தது. மான் எடுத்தது ஓட்டம்.

"இழுத்துட்டியே அம்மணி!" ட்வைட் தலையில் அடித்துக்கொண்டான். "கோடை பூரா கத்தினேனே, காதுல பஞ்சா வெச்சிருந்தே?"

அவள் இழுக்கவில்லை. துப்பாக்கியின் மேல் பொருத்திய குறிபார்க்கும் ஸ்கோப்பில் இருந்த குமிழைப் பார்த்தாள். தூரம் கூடக் கூட அதைத் திருகினால் குண்டு உயர்ந்து போகும். சுட்டு முடித்ததும் சுழியத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். அது பத்தைத் தாண்டி நின்றது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இதை யாரு திருகினது?"

"அது... நேத்து நீ சமைச்சிட்டு இருந்தப்ப, தூரத்து இரும்புத் தகட்டுல சும்மா ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தேன்."

"என் துப்பாக்கியில! என்கிட்ட கேக்காம!"

"சுடறதுக்கு முன்னாடி குமிழைப் பாக்கணும்னு சொல்லித் தந்தேனா இல்லையா? மொத பாடமே அதுதானே?"

சொல்லித் தந்திருந்தான். அவள்தான் பார்க்கவில்லை. அந்தப் பாவி சொல்வதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்க முடியாத ஆத்திரமாக இருந்தது.

எதிர்ச்சரிவில் மான் நின்று திரும்பிப் பார்த்தது. தூரம் காட்டும் கருவியைக் கண்ணில் வைத்த ட்வைட் துள்ளினான். "அறுநூறு கஜம்! குமிழும் நான் நேத்து அறுநூறுக்குத் திருகின இடத்துலயேதான் இருக்கு! ஆண்டவனே வெச்ச மாதிரி. அடி!"

"முன்னூறுக்கு மேல நான் காகிதத்துல கூட அடிச்சதில்லை."

"அதெல்லாம் வகுப்புல சொல்றது! உன்னால முடியலைன்னா குடு இப்படி, நான் போடறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்று துப்பாக்கியில் கையை வைத்தான்.

ஒன்பது வருடம் அவள் காத்திருந்தது இவன் சுடவா? மார்லிஸ் அவன் கையைத் தட்டிவிட்டு, உள்ளே இருந்த குண்டை வெளியே எடுத்தாள். பிறகு குமிழைச் சுழியத்துக்குத் திருப்பினாள். டிக், டிக், டிக் என்று ஒவ்வொன்றாக, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அதற்குள் மான் முகட்டைத் தாண்டி மறைந்தது.

"போச்சு," என்றான் ட்வைட். "கைக்கு வந்ததை விட்டுட்டே."

"இருட்டறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் அது பின்னாடி போறேன். நீ வராதே."

"நான் வீட்டுக்கு எப்படிப் போறது?"

"வண்டி என்னுது, சாவி என் பையில. ரோட்டுக்கு ஆறு மைல், நடந்து போ. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு புல்லைப் பாத்துக்கிட்டே போ, பொழுது போகும்."

அவள் சரிவில் இறங்கினாள். "மார்லிஸ்! காத்து இடப்பக்கமா அடிக்குது!" என்று அவன் பின்னாலிருந்து கத்தினான். அடங்கவே மாட்டான். அவள் திரும்பவில்லை. குனிந்து குமிழை மட்டும் இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.